டீசல் துடைத்த சுவர்

டிச. 11, திங்கள்

வெயில். புயலுக்கு வெட்கமே இல்லை. இவ்வளவும் செய்துவிட்டு, வானம் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி முழிக்கிறது.

தண்ணீர் வடிந்து இன்றுதான் வீட்டுக்குள் கால் வைத்தேன். கால் வெளியே வந்தது, செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. கீழே சேறு, மேலே எண்ணெய். எந்தக் கம்பெனியிலிருந்து கசிந்ததோ, ஆற்று வெள்ளத்தோடு கலந்து எங்கள் காத்திவாக்கம் முழுக்கத் தார் பூசியிருக்கிறது. எண்ணூரை இனி எண்ணெயூர் என்று மாற்றிவிடலாம், போர்டு எழுத நான் தயார். சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு. அதற்குக் கீழே கருப்பு, மேலே எங்கள் பழைய பச்சை. நேர்கோடு போடத் தெரியாத ஜென்மம் என்று கணக்கு டீச்சர் என்னைத் திட்டுவார். இந்த ஆற்றைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும்.

போனவை: பீரோவின் கீழ்த்தட்டு, கிரைண்டர், மெத்தை, என் வேதியியல் ரெக்கார்டு (அழவில்லை).
இருப்பவை: பரண்மேல் இருந்ததெல்லாம். அப்புறம் நாங்கள்.

அம்மாவுக்கு ஒரே கவலை. வரும் ஞாயிறு ராயபுரத்தில், ரேவதி அக்காவின் புகுந்த வீட்டில், அவளுக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கிய கையோடு தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். தலைப்பிரசவம். அக்காவின் மாமியார் போனில் வீடு எப்படி என்று கேட்டாராம். "ஜம்முனு கீதும்மா, லேசா ஈரம், அவ்ளோதான்" என்று அம்மா சொல்லிவிட்டாள். எனக்குப் பொய் யார் வழியில் வந்தது என்று இன்று தெரிந்தது.

சாப்பாடு, படுக்கை எல்லாம் கல்யாண மண்டபத்தில். வாசலில் 'நிவாரணம்' என்று பேனர். பின்பாதி ரணம் என்பதை எழுதினவர் கவனிக்கவில்லை.

டிச. 12, செவ்வாய்

காலையில் பனி. சோப்புத்தூள், பிளீச்சிங் பவுடர், தென்னந்துடைப்பம், எதற்கும் மசியவில்லை. இங்கே தேய்த்தால் கருப்பு நகர்ந்து அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது, பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவன் மாதிரி.

பத்து மணி வாக்கில் அப்பா, எங்கள் நைனா, வந்தார், ஒரு கையில் டீசல் கேன், இன்னொரு கையில் வேஸ்ட் பஞ்சு மூட்டை. நேற்று கரையில் தன் மீன்பிடி படகை அப்படித்தான் துடைத்தார். பைபர் படகில் எண்ணெய்க்கறை பட்டால் இங்கே எல்லோருக்கும் டீசல்தான் மருந்து. கருப்பு வழிந்து நீலம் பளிச்சென்று வந்ததாம். "வூடு இன்னா, கவுத்துப் போட்ட படகுதானே" என்றார்.

கையகலம் துடைத்தார். பச்சை தெரிந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்புறம் மூன்று பேரும் விடவில்லை. இருட்டுவதற்குள் நாலு சுவரும் முடிந்தன. பக்கத்து வீட்டு ராணி அக்கா எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்காரர் பாபு அண்ணனை டீசலுக்கு விரட்டினார். அவரைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து எதிர் வீடு. யாராவது இப்போது பீடி பற்றவைத்தால் தெருவே ராக்கெட், ஸ்ரீஹரிகோட்டா தேவையில்லை என்றேன். நைனா சிரித்தார். புயலுக்குப் பிறகு முதல் தடவை.

டிச. 13, புதன்

சுண்ணாம்பு அடித்தோம். விரலெல்லாம் வெந்து வெடிப்பு. ஆனால் வீடு வெள்ளை வெளேர். அம்மா அக்காவின் கட்டிலுக்கு இடம் பார்த்துவிட்டாள், ஜன்னலோரம். டீசல் வாடை காற்றில் போய்விடும் என்கிறார் நைனா. காற்று வரும் திசையில்தான் ஆறு. ஆற்றிலும் எண்ணெய்.

கரையில் ஒரு கூழைக்கடா, பாதிக்கு மேல் கருப்பு. பறக்கட்டும் என்று கைதட்டினேன். தன் இறக்கையைத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான். எனக்கும் ஜோக் எதுவும் வரவில்லை.

டிச. 14, வியாழன்

மேகமூட்டம்.

சுவர் மஞ்சள். காலையில் மஞ்சள், மத்தியானம் டீ, சாயங்காலம் கடுங்காப்பி. தொட்டால் பிசுக்கு. வெள்ளம் என் இடுப்புவரைதான் வந்தது. கறை இப்போது கழுத்துவரை. தண்ணீர் தொடாத இடத்தையும் நாங்களே தொடவைத்துவிட்டோம்.

பாபு அண்ணன் வந்து பார்த்தார். பூச்சு வேலை செய்கிறவர், அவர் வீட்டுச் சுவரும் கடுங்காப்பிதான். ஆணியால் கீறினார். உள்ளேயும் அதே நிறம். நைனாவைப் பார்த்துச் சொன்னார்:

"பைபரு குடிக்காது மாமு. செவுரு குடிக்கும். டீசலு எண்ணெயக் கரைச்சி உள்ள இட்டுகினு பூட்ச்சி."

மொத்தப் பூச்சையும் உரித்து, செங்கல்லைக் காயவிட்டு, மறுபடி பூச வேண்டுமாம். பொங்கல் தாண்டிவிடும் என்றார். அக்காவுக்கு டாக்டர் சொன்ன நாள் பொங்கலுக்கு முன்னால்.

இது தெரிந்தவர் முந்தாநாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கருப்பு போனதும் தனக்கும் கண் மறைத்துவிட்டது என்றார். கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை.

நைனா திரும்பி நின்றுகொண்டு கேனின் மூடியை இறுக்கினார். இறுகிய மூடியை மறுபடி இறுக்கினார்.

டிச. 15, வெள்ளி

ஆற்றில் எண்ணெய் அள்ளுகிறார்கள். பக்கெட், மக்கு, வெறுங்கை. நைனாவும் போனார். கடலையே துடைக்கச் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

ராயபுரத்துக்குச் சொல்லிவிடலாம் என்றேன். அம்மா முறைத்தாள். பெண்ணை அழைக்க வீடில்லை என்று எந்த வாயால் சொல்வது என்று கேட்டாள். இன்னொரு கோட்டு சுண்ணாம்பு அடித்தால் ஞாயிறு தாங்கும் என்கிறாள். ஞாயிறு தாங்கும் சரி. திங்கள்?

டிச. 16, சனி

இரண்டாம் கோட்டு. மத்தியானம் மூன்றாம் கோட்டு. சாம்பிராணி, ஊதுவத்தி, தரையில் பினாயில். இப்போது வீட்டில் கோயில், ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க் மூன்றும் ஒரே கதவு எண்ணில்.

யோசனை என்னுடையது. பரண்மேல் டப்பாவில் கருவாடு இருந்தது, புயலுக்கு முன் காயவைத்தது. அதைக் கூடத்தில் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டேன். மீன்காரர் வீட்டில் கருவாடு நாறினால் யார் சந்தேகப்படுவார்கள்? அம்மா திட்ட வாயெடுத்தாள், மூக்கை இழுத்துப் பார்த்தாள், திட்டாமல் போய்விட்டாள்.

டிச. 17, ஞாயிறு

வெயில். வளைகாப்பு நன்றாக நடந்தது. அக்காவுக்கு இரண்டு கையும் முழங்கைவரை கண்ணாடி, திரும்பினாலே சத்தம். ரோஜா நிறப் பட்டு. என் கன்னத்தில் சந்தனத்தை அப்பினாள், நான் அவள் மூக்கில். பாப்பா பிறந்ததும் அதற்கு முதலில் விசில் அடிக்கக் கற்றுக்கொடுப்பேன் என்று வயிற்றிடம் சொன்னேன்.

மூன்று மணிக்கு ஆட்டோவில் காத்திவாக்கம். மாமியாரும் அக்கா புருஷன் மாமாவும் விட்டுவிட்டுப் போக வந்தார்கள். மாமியார் வாசலிலேயே முந்தானையை மூக்கில் வைத்தார். "கருவாடு தூக்குதே" என்றார். உங்களுக்குக் கட்டிக் கொடுக்கத்தான் அத்தே என்றேன். சிரித்துவிட்டார். உள்ளே வந்தார். சுவர் வெள்ளை. தலையாட்டினார்.

அக்கா கருவாட்டுக் கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இந்த வீட்டில் பிறந்தவள், கூடத்தில் யாரும் கருவாடு தொங்கவிட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். இடுப்பு வலி என்று பாயில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள்.

நான் பார்த்தேன். எழுந்திரு என்று சொல்ல வேண்டும். சொன்னால் எல்லாம் போச்சு. வாய் வரவில்லை. நாள் முழுக்க ஓயாத வாய்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் குமட்டியது. பின்பக்கம் ஓடினாள். ஓடியபோது எல்லோரும் அவள் முதுகைப் பார்த்தோம். பட்டுப்புடவையில் சுண்ணாம்பும் கருப்பும், அகலமாக. சுவரில் அவள் சாய்ந்த இடத்தில் வெள்ளை இல்லை.

மாமியார் சத்தம் போடவில்லை. சுவரைத் தொட்டு விரலை மோந்து பார்த்தார். சத்தம் போட்டிருந்தால் தேவலை. வாந்தி எடுத்து வந்து அக்கா சொன்னாள், "எனக்கு ஒண்ணியும் இல்ல. நா இங்கதான் இருப்பேன்." பிடிவாதத்தில் என் அக்கா.

நைனாதான் பேசினார், மாமியாரிடம், தலையைக் குனிந்துகொண்டு.

"வூடு இன்னும் ஆவலம்மா. இட்டுகினு போங்க."

ஆட்டோ வளையும்வரை வளையல் சத்தம் கேட்டது. அம்மா அவர்கள் கொடுத்த கலவை சாதத்தைத் திறக்கவே இல்லை. கருவாட்டை யாரும் சொல்லாமலே நான் அவிழ்த்தேன்.

டிச. 18, திங்கள்

காலையிலிருந்து நைனா உளியும் சுத்தியலுமாகப் பூச்சை உரிக்கிறார். பாபு அண்ணனிடம் வாங்கினது. தட்டுத் தட்டாகப் பெயர்ந்து விழுகிறது. நான் சட்டியில் அள்ளிக் கொட்டுகிறேன். உள்ளே செங்கல் சிவப்பாக இருக்கும் என்று நினைத்தேன். கருப்பு. ஒன்று, அடுத்தது, அதற்கு அடுத்தது. அவர் நிறுத்தவில்லை. நானும் அள்ளுவதை நிறுத்தவில்லை.

அம்மா மண்டபத்திலிருந்து இன்னும் எழுந்து வரவில்லை.

அக்கா போன் செய்தாள். மூக்கடைத்த குரல். ராயபுரத்தில் ஆஸ்பத்திரி பக்கம், வசதி என்றாள், நானும் வசதி என்றேன். பின்னால் இன்னா சத்தம் என்று கேட்டாள்.

"தொட்டிலுக்குக் கொக்கி அடிக்கிறாரு நைனா."

அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"கறைக்கு மேல ஒசரமா அடிக்கச் சொல்லுடி."