அத்தானை நான் அறைந்த அறை

அத்தான்,

இன்று காலை அக்கா, உறங்கும்போது நீங்கள் மாட்டும் மூச்சு மாஸ்க்கைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். "இத வீட்டுல வெச்சிப் பாத்துட்டிருக்க முடியல்ல. நீ கொண்டு போ" என்றாள். ரப்பர் விளிம்பில் இன்னும் உங்கள் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் மணக்கின்றன. அதைப் பிடித்திருக்கும் வலது கையில் சுண்டுவிரல் வளைந்தே நிற்கிறது. உங்கள் தம்பி ஒடித்த விரல்.

நமக்குள் என்றைக்கு நல்ல பேச்சு இருந்தது? தோப்புக்குப் போகிற வழித் தகராறில் என் முன்பல்லை உடைத்தவர் நீங்கள். வடசேரிச் சந்தையில் வாழைக்குலை வெட்டும் கத்தியோடு என்னைத் துரத்தியதை ஊரே பார்த்தது. அப்படிப்பட்ட உங்களுக்குக் கால் முறிந்து நாகர்கோவிலில் ஆபரேஷன். அக்காவுக்கோ காய்ச்சல். வெளியூரிலிருந்து உங்கள் தம்பி வந்துசேரும்வரை துணைக்கு இருக்க என்னை விட்டால் ஆளில்லை.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "உறங்கும்போது தொண்டை அடைச்சு மூச்சு நிக்குற வியாதி இவருக்கு இருக்கு. வலி மருந்து மயக்கத்துல அது கூடும். மாஸ்க்கைக் கழட்டக் கூடாது, தலைமாட்டை இறக்கக் கூடாது." நீங்களோ கண் விழித்ததும் மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தீர்கள். திரும்ப மாட்ட வந்த என் தாடையில் உங்கள் முழங்கை இறங்கியது. "ஏலே, மூஞ்சியக் கெட்டி என்னக் கொல்லப் பாக்கியால?" நானும் விடவில்லை. தோளை அமுக்கிப் பிடித்து வாரை இறுக்கினேன்.

மதியம் மருந்து வாங்கக் கீழே போனேன். திரும்பி வருவதற்குள் உங்கள் தம்பி ஆரஞ்சுப் பையோடு வந்துவிட்டான். பாசத்தில் அவன் செய்த வேலையைப் பாருங்கள். மாஸ்க்கைக் கழற்றி, கட்டிலைத் தட்டையாக இறக்கி, ஆக்சிஜன் குறைந்ததென்று ஓயாமல் கத்திய கருவியின் கிளிப்பையும் உங்கள் விரலிலிருந்து உருவி வைத்திருந்தான். "அண்ணன் செத்த நேரம் ஒறங்கட்டும். பாரு, கொறட்டகூட நின்னு போச்சு" என்று என்னிடம் கிசுகிசுத்தான்.

உங்கள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு உள்ளே போகாமல் வயிறு மட்டும் வெறுமனே துடித்துக்கொண்டிருந்தது. அவனைத் தள்ளிவிட்டு உங்கள் கன்னத்தில் அறைந்தேன். "எந்திரிங்க அத்தான்! மூச்ச விடுங்க!" மறுபடியும் அறைந்தேன். பல் போன நாளின் ஆத்திரமும் அந்தக் கையில் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். "பழசுக்குப் பழி வாங்குதான்!" என்று உங்கள் தம்பி என்மேல் பாய்ந்து கையை முறுக்கினான். விரல் ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. மற்றக் கையால் உங்கள் தாடையைப் பிடித்து முன்னால் இழுத்தேன். பெரும் இரைச்சலோடு மூச்சு உள்ளே போனது. ஓடிவந்த நர்ஸ் அவனைத் திட்டியபடியே தலைமாட்டை உயர்த்தி மாஸ்க்கை மாட்டினாள்.

மயக்கம் தெளிந்ததும் கன்னத்தைத் தடவிப் பார்த்தீர்கள். "பல்லுக்குப் பதிலு தந்துட்டியா மக்கா?" என்றீர்கள். அதற்குமேல் நன்றியாக ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அதன்பிறகு மாஸ்க் இல்லாமல் நீங்கள் படுத்ததே இல்லை என்று அக்கா சொன்னாள்.

போன மாதம் பட்டப்பகலில் தோப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். நானும் உங்கள் தம்பியும் ஓடி வந்தபோது மூச்சு இல்லை. மண்டியிட்டு அறைந்தேன். "எந்திரிங்க அத்தான்!" உள்ளங்கை எரியும்வரை அறைந்தேன். இந்தத் தடவை உங்கள் தம்பி என்னைத் தடுக்கவில்லை. "இன்னும் ஓங்கி அடி மச்சான், அண்ணன் எந்திரிக்கும்" என்று அழுதான்.

வளைந்த விரலால் அடி சரியாக விழவில்லையோ என்ற நினைப்போடு இந்தக் கையைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.