உள்ளே மடங்கிய முனை

மார்ச் 3, திங்கள்

மகள் வீட்டுத் தூண்களுக்குக் கம்பி கட்டியாகிவிட்டது. கீழே கார் நிறுத்த இடம், மேலே குடித்தனம். மொத்த வீட்டையும் ஒன்பது தூண்கள்தான் தாங்கவேண்டும். வியாழக்கிழமை கான்கிரீட் லாரி வருகிறது.

காலையில் சும்மா பார்க்கப் போனேன். வரைபடத்தில், கம்பிகளைச் சுற்றிப் போடும் ரிங்கின் இரண்டு முனையும் தூணின் வயிற்றுக்குள் சாய்ந்து மடங்கியிருக்கின்றன. கட்டியிருப்பதில் சட்டைக் காலர் மாதிரி ஓரமாக மடிந்து நிற்கின்றன.

சின்ன வித்தியாசம். சின்னதுதானா?

மார்ச் 4

வரைபடம் போட்ட இன்ஜினியர் போன மாதமே எனக்கு விளக்கியிருந்தார். நிலம் ஆடும்போது தூணின் மேல்தோல்தான் முதலில் உதிரும். ஓரமாக மடித்த முனைக்கு அந்தத் தோல்தான் பிடிமானம். அது போனால் ரிங் அவிழும், நிற்கும் கம்பிகள் பிதுங்கும். உள்ளே மடங்கிய முனையை உள்கான்கிரீட் விடாது.

மேஸ்திரிக்கு ஒரு விளக்குமாற்றைக் காட்டிச் சொன்னேன். கட்டு இறுகியிருந்தால் தலையில் அழுத்தினாலும் நிற்கும். நழுவினால் ஈர்க்கு நாலாபக்கமும் விரியும்.

"டீச்சர், நான் வீடு கட்டுறேன். விளக்குமாறு கட்டல."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"முனையை உள்ள மடிச்சா ஒண்ணோட ஒண்ணு சிக்கும் டீச்சர். ரிங் கம்பில லேசுல இறங்காது."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "அத்தை, இவர் எத்தனை வீடு கட்டியிருக்கார்! ஒண்ணாவது விழுந்துதா?"

பூமி இன்னும் அசைத்துப் பார்க்கவில்லை, மாப்பிள்ளை — வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். இன்னும் சில மாதத்தில் அவர்கள் வாடகை வீட்டைக் காலி செய்தாகவேண்டும். அவர் கவலை அவருக்கு.

மார்ச் 5

தூக்கமில்லை. கான்கிரீட் போட்டுவிட்டால் அப்புறம் யார் கண்ணுக்கும் தெரியாது. தலையிட நான் யார்? — அந்த வீட்டில் தூங்கப்போகிறவளின் அம்மா.

இன்ஜினியருக்குப் போன் செய்தேன். மாப்பிள்ளையிடம் சொல்லாமல்.

வந்தார். பார்த்தார். லாரியை நிறுத்தச் சொல்லிவிட்டார். வளைத்த கம்பியையே மறுபடி வளைத்தால் விரிசல் விடுமாம். எல்லா ரிங்கும் புதிதாக.

மகள் கத்தினாள். "ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லிட்டுப் பண்ணியிருக்கலாம்ல அம்மா? ஆளுங்க முன்னாடி அவர் மூஞ்சி எப்படிப் போச்சு தெரியுமா?"

சொல்லித்தானே பார்த்தேன்? இல்லை — மேஸ்திரிக்குத்தான் சொன்னேன். மாப்பிள்ளையை உட்காரவைத்து அந்த வரைபடத்தைக் காட்டவே இல்லையே.

மார்ச் 9

மாப்பிள்ளை என் போனை எடுப்பதில்லை.

மார்ச் 11

வரைபடத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன். "உங்ககிட்டதான் முதல்ல காட்டியிருக்கணும், மாப்பிள்ளை." பழைய ரிங் ஒன்று, புதியது ஒன்று, இரண்டையும் அவர் கையில் கொடுத்தேன். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ம்."

அவ்வளவுதான்.

மார்ச் 13

கான்கிரீட் போட்டாயிற்று. இந்தத் தாமதத்தால் அவர்களுக்கு வாடகை வீட்டில் ஒரு மாதம் கூடுதல். மகள் அவசரப்பட்டுக் கட்டிவைத்த பெட்டிகளை மறுபடி பிரிக்கிறாள்.

ஏப்ரல் 22

மேல்தளத் தூண்களுக்குக் கம்பி கட்டுகிறார்கள். மாப்பிள்ளையிடமிருந்து போனில் ஒரு படம். வரிசையாக ரிங்குகள், ஒன்றைச் சுற்றி மட்டும், நான் விடைத்தாளில் போடுவேனே, அதுபோல் சிவப்பு வட்டம்.

"அத்தை, இது ஒண்ணோட முனை வெளிய நிக்குது. கழட்டச் சொல்லிட்டேன். மேஸ்திரி இப்ப என்னையும் டீச்சர்ங்கறார். வெயில்ல நீங்க வரவேண்டாம்."

போகவில்லை. மதியம் நன்றாகத் தூங்கினேன்.