திரும்பி வராத ஆட்டுத் தலை

துங்சோ, பெய்ஜிங்
9 மார்ச் 2021

அன்புள்ள சுய்லான்,

நலமா? கைபேசியில் நீ என்னைத் தடுத்துவைத்து ஆறு வருடமாகிறது, அதனால் காகிதம். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிக்காமல் இந்த வரி வரை வந்திருந்தால் நன்றி.

ஆற்றங்கரைப் பூங்காவுக்கு, ஆண்டுக்கு ஒன்றாக வரும் வருட விலங்குகள் பன்னிரண்டையும் செய்கிறேன். கோடைக்கால அரண்மனையை அந்நியப் படைகள் சூறையாடியபோது நீரூற்றிலிருந்து போன அதே வெண்கலத் தலைகள்தான். ஏழு திரும்பிவிட்டன, அவற்றை வெண்கலத்தில் வார்ப்பேன். ஆடு, சேவல் உட்பட ஐந்து எங்கே என்றே தெரியவில்லை. அவற்றுக்கு வெறும் கம்பி உருவம், காற்று புகுந்து போகும்படி.

கடைசியாக வந்து சேர்ந்தது குதிரை. நம் மகள் நிங்கும் குதிரை வருடத்துக்காரி. அவள் நெற்றியையும் கண்களையும் அதில் வைத்திருக்கிறேன். நான்கு வயதில் ரயில் நிலையத்தில் யாரோ தூக்கிப்போன பிள்ளை, வெண்கலத்திலாவது வீடு திரும்பட்டும். நீ சரி என்றால்தான் உருக்கி ஊற்றுவேன்.

மெங் ஜிஷான்

லுவோயாங்
21 மார்ச்

கிழட்டு மெங்,

கிழிக்கவில்லை. சூப் கடையில் கூட்டம், அதனால் தாமதம். முழங்கால் உன்னைப் போலவே, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

குதிரை வேண்டாம். நிங் குதிரை இல்லை.

புத்தாண்டுக்கு மூன்று நாள் முன்பு பிறந்தாள் என்று உன்னிடம் சொன்னது பொய். குதிரை வருடம் முடிந்து, புத்தாண்டின் நான்காம் நாள் பிறந்தாள். ஆடு. ஆட்டு வருடப் பெண்ணுக்கு ராசியில்லை என்று, அவள் வயிற்றில் இருந்தபோதே உன் அம்மா மாதக்கணக்கில் முணுமுணுத்தாரே. ரயில் சீட்டுக் கிடைக்காமல் நீயும் அவரும் பிள்ளை பிறந்து பத்து நாள் கழித்துத்தான் வந்தீர்கள். பிரசவம் பார்த்த என் சித்தியிடம், "தேதிய ஒரு வாரம் முன்னால தள்ளி எழுதிடுங்க சித்தி, புள்ள நிம்மதியா வளரட்டும்" என்று அழுதேன். எழுதினார்.

நிங்கிடம் மட்டும் காதில் சொல்வேன். "நீ ஆடுடி. யார்கிட்டயும் சொல்லாத." வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

தொலைந்தபோது அறிவிப்பில் நீ பிறந்த தேதியைப் போடவில்லை. அதனால் கேடொன்றும் இல்லை என்று வாயை மூடிக்கொண்டேன். சொல்லியிருந்தால், அந்த ராசிதான் பிள்ளையைக் கொண்டுபோனது என்றிருப்பார் உன் அம்மா. இப்போது அவரும் இல்லை. ஆடாகவே செய்.

சுய்லான்

துங்சோ
2 ஏப்ரல்

சுய்லான்,

மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

தேதியையும் விலங்கையும் வேண்டுமென்றேதான் விட்டேன். பிள்ளையைத் தேடும் பெற்றோர் எல்லோரும் ஒரு விவரத்தை மறைத்து வைப்போம், ஏமாற்ற வருகிறவர்களைப் பிடிக்க.

2019 இலையுதிர் காலத்தில் ஒரு பெண் அறிவிப்பை மடித்து எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். பதினாறு, பதினேழு வயதிருக்கும். அதற்கு முன் இருபது பேர் வந்து பொய் சொல்லிப் போயிருந்தார்கள்.

"என்ன வருஷம்மா நீ?"

"ஆடுங்க."

"எங்க பொண்ணு ஆடு இல்லம்மா. வேற எடத்துல போய்ப் பாரு."

"நல்லாத் தெரியுங்க, ஆடுதான். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொல்லிருக்காங்க. அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு."

நான் சிரித்தேன், சுய்லான். "நல்லாத்தான் கதை கட்டுற" என்றேன். அவள் குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டாள். காதுக்குப் பின்னால் நிங்கின் மச்சம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஜிஷான்

லுவோயாங்
30 ஏப்ரல்

ஜிஷான்,

திட்ட எனக்கு ஏது வாய்? மறைத்தது நான், திருப்பி அனுப்பியது நீ. காவல் நிலையத்தில் சரியான தேதியைக் கொடுத்துவிட்டேன். அதிகாரி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து கடை திறக்கவில்லை. பூங்கா திறப்புக்கு என்னைக் கூப்பிடாதே, என்னால் முடியாது.

ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. அந்தப் பெண் வாசலில் நின்றாளே, எவ்வளவு உயரம் இருந்தாள்?

சுய்லான்