இடது கால் சுளுக்கு

1970 பிப்ரவரி 11, புதன். எர்லாங்கன், ஜெர்மனி

புளி தீர்ந்துவிட்டது. எலுமிச்சை பிழிந்து ரசத்தை ஒப்பேற்றினேன். இவர் கவனிக்கவே இல்லை. நினைப்பெல்லாம் சனிக்கிழமை மேல். ஆபீஸ் மேலதிகாரி டாக்டர் ரீடல் எங்கள் இருவரையும் ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்குக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஏப்ரலில் இவர் வேலையை நீட்டிக்க வேண்டியவரும் அவர்தான். கும்பகோணத்துக்காரருக்குப் பனிமேல் திடீர்க் காதல் ஏன் என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

பிப்ரவரி 13, வெள்ளி. மலை விடுதி

புதுப்பனி முழங்கால் வரை. ஓயாத காற்று. செங்குத்தான இடங்களில் பனி சரியும் அபாயம் என்று ரேடியோ சொன்னது. "எப்போதும் இதே பாட்டுதான்" என்று ரீடல் அதை அணைத்தார்.

பிப்ரவரி 14, சனி

பயம் இன்னும் விடவில்லை. எழுதினால் அடங்குமோ?

காலையில் நல்ல வெயில். காட்டைத் தாண்டி ஏறும்போது இரண்டு இடத்தில் காலடியில் 'தொம்' என்று சத்தம். மெத்தை அமுங்குவதுபோல் பனி மொத்தமாக இறங்கியது. அந்தச் சத்தம் கேட்டால் அடியில் ஓர் அடுக்கு பிடிப்பில்லாமல் நிற்கிறது, திரும்பிவிடு என்று போன மாதம் பயிற்சி வகுப்பில் படித்துப் படித்துச் சொன்னார்கள். இவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்தான்.

பிறகு அந்தச் சரிவு. வழவழவென்று, ஒரு மரம்கூட இல்லாமல். குறுக்கே கடந்தாக வேண்டும்.

"இருபது வருஷமாகக் கடக்கிறேன்" என்றார் ரீடல். "ஒவ்வொருவராகப் போவோம். சேஷாத்ரி லேசான ஆள், அவர் முதலில்."

இவர் சிரித்தார்! பரிசு கிடைத்த மாதிரி. பனி சரிந்தால் கோல் ஆளையும் சேர்த்து இழுக்கக் கூடாதென்று கைக்கோல்களின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றினார். இடுப்பில் கட்டியிருந்த நீளமான சிவப்புக் கயிற்றைப் பின்னால் இழுபட விட்டார். ஆள் புதைந்தாலும் கயிறு மேலே தெரியுமாம், அதைப் பிடித்துத் தோண்டுவார்களாம். உயிரோடா என்று நான் வகுப்பில் கேட்கவில்லை.

"ஏன்னா, வேண்டாம், திரும்பிடலாம்" என்றேன் தமிழில்.

"டாக்டர் முன்னாடி மானத்தை வாங்காதே வேதா. அவருக்குத் தெரியாததா?"

இவருக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வாய் வராது. எனக்கு வரும். ஆனால் இவர் வேலை? ஒரு அடி எடுத்து வைத்துவிட்டார். நான் பொத்தென்று விழுந்தேன். "ஐயோ, கால்!" இடது காலைப் பிடித்துக்கொண்டு அலறிய அலறலில் இவர் திரும்பி வந்தார், ரீடலும் ஓடி வந்தார். பயணம் அத்தோடு முடிந்தது.

பிப்ரவரி 16, திங்கள்

பனி சரியவே இல்லையாம். நேற்று நாலு பேர் அதே இடத்தைக் கடந்தார்களாம். ரீடல் ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாராம். இவர் கோட்டைக்கூடக் கழற்றாமல், நான் அடுப்புக்கும் மேஜைக்கும் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சனிக்கிழமை இடது கால்தானே சுளுக்கித்து? இன்னிக்கு வலது காலை நொண்டறே."

மாட்டிக்கொண்டேன்.

"எல்லார் முன்னாடியும் என்னைக் கோழையாக்கிட்டே."

ஆமாம், உயிரோடு இருக்கிற கோழை. வாய் வரைக்கும் வந்தது. தட்டை எடுத்து வைத்தேன்.

பிப்ரவரி 20

மோர் வேண்டுமா என்றால் இன்னும் தலையாட்டல்தான்.

மார்ச் 6, வெள்ளி

ரீடலோடு மறுபடி போகிறார். அதே விடுதி, அதே சரிவு. என்னைக் கூப்பிடவில்லை. சிவப்புக் கயிற்றைச் சிக்கெடுத்து நானே பையில் வைத்தேன். வைக்கும்போது — வேண்டாம், அதை எழுதக் கூடாது.

மார்ச் 8, ஞாயிறு

மலையில் இரண்டு நாளாகப் பனி கொட்டுகிறதாம். அபாயம் அதிகம், யாரும் போக வேண்டாம் என்கிறது ரேடியோ. மத்தியானமே இறங்கிவந்து போன் பண்ணுவதாகச் சொல்லியிருந்தார். போன் கீழே வீட்டுக்கார அம்மாவிடம். படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்ன மனுஷன்! ஒரு தடவை மாட்டேன்னு சொன்னா தலையா போயிடும்? வேலை போனா போறது, ஊருக்குப் போய் ஏதாவது பண்ணிக்கலாம். திட்டிண்டே இருந்தா பயம் கொஞ்சம் அடங்கறது.

இருட்டிவிட்டது. திட்டவும் வார்த்தை இல்லை. பெருமாளே.

அன்றே, பிறகு

போன் வந்தது. இரைச்சலுக்கு நடுவே இவர் குரல்.

"சரிவுகிட்ட வரச்சே தொம்னு சத்தம். டாக்டர் என்னை முன்னாடி போகச் சொன்னார். எனக்குக் கால் சுளுக்கிடுத்து வேதா. அவர் தோளைப் பிடிச்சுண்டே இறங்கினேன், அதான் லேட்டு."

"எந்தக் கால்?" என்றேன்.

"மேலே இடது. கீழே வந்ததும் வலது."