தண்ணீர் விட்டுப் பார்த்த குழாய்

ஐப்பசி 4, செவ்வாய். ஆவடி.
தூறல். விடிந்ததும் சைக்கிளில் ஆற்றங்கரை. ரயிலடியிலிருந்து பட்டாளக் கிடங்குக்குப் போகும் பெட்ரோல் குழாய், கூவத்தைத் தாண்டும் இடத்தில் கசிவு. மீனெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு. மத்தியானம்வரை மூக்கெரிச்சல்.
குழாயை உடைத்தான் என்று முனியனை லாக்கப்பில் வைத்திருக்கிறார்கள். கரையில் மாடு மேய்ப்பவன். கையில் ஒரு டின் பெட்ரோல் இருந்ததாம். காரணம் கண்டு எழுதவேண்டியது ஓவர்சியரான நான்.
வேலூரிலிருந்து சாரதா கடிதம் இல்லை.

5, புதன்.
லாக்கப்பில் முனியன். "ஆத்துல மெதந்துகினு வந்துச்சு சாமி, மொண்டேன். கொயாய நான் இன்னாத்துக்கு ஒடைக்கறேன்? எம்மாடு குடிக்கிற தண்ணியாச்சே."
எனக்குக் குழந்தை உண்டா என்று கேட்டான். ஆவடியில் அதைக் கேட்ட முதல் ஆள்.
உண்டு. ஜப்பான்காரன் குண்டு பயத்தில் பட்டணம் காலியானபோது, கர்ப்பமாயிருந்த சாரதாவை வேலூருக்கு அனுப்பினேன். அங்கே பிறந்து மூன்று மாதம். இன்னும் முகம் பார்க்கவில்லை.
ஹெட்கிளார்க்: "திருட்டுன்னு எழுதிக் கொடும். விசாரணை முடிஞ்சா துரை உம்ம லீவுல கையெழுத்துப் போட்டுடுவார்."

6, வியாழன்.
மழை இல்லை. கசிந்த இணைப்பைக் கழற்றியாயிற்று. உடைத்த அடையாளமே இல்லை. உள்ளே ரப்பர் வாஷர் ஊறிப் பிதுங்கி.
லாரி டியூபில் வெட்டியது. யுத்தத்தால் கப்பல் சரக்கு வரவில்லை என்று நான்தான் வெட்டச் சொன்னேன். குடிதண்ணீர்க் குழாய்க்கெல்லாம் அதையே போட்டுப் பழகினவன். பூட்டியதும் தண்ணீர் விட்டு ஒரு நாள் பார்த்தேன். சொட்டுக்கூட இல்லை. சரி என்று கையெழுத்து.
அதே டியூபில் இரண்டு துண்டு. ஒன்று தண்ணீர் டம்ளரில், ஒன்று பெட்ரோலில்.

7, வெள்ளி.
தண்ணீர்த் துண்டு போட்டபடியே. பெட்ரோல் துண்டு ஊறின கொண்டைக்கடலை மாதிரி. நகம் பட்டால் பிய்கிறது.
வாங்க வேண்டியது: நல்லெண்ணெய், சோப்பு, தபால் கார்டு.
சாரதா கடிதம் வந்தது. குரல் கேட்டால் குழந்தை திரும்புகிறதாம். "உங்கள் குரல்தான் அதற்குத் தெரியாது." படித்து அழுதேன்.
டம்ளர்களைக் கழுவிவிட்டால் யாருக்கும் தெரியாது. குழாயடிவரை கொண்டுபோனேன். திரும்பக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன்.

8, சனி.
அறிக்கை கொடுத்தாயிற்று, டம்ளர்களோடு. துரை கையெழுத்து இல்லாமல் லீவு மனு திரும்பி வந்தது. வேலை உண்டா இல்லையா, திங்களன்று தெரியும்.
சாயங்காலம் வாசலில் முனியன். விட்டுவிட்டார்கள். "ஊட்டுக்குப் போய்க்கினு கீறேன் சாமி. நீங்க எப்போ கொயந்தைய பாக்கப் போறீங்கோ?"
சாரதாவுக்குக் கார்டில் விலாசம் மட்டும் எழுதியிருக்கிறேன்.