காப்பு அவிழ்க்க வராதே

ஆவாரம்பட்டி, கடத்தூர் வழி
ஈசுவர வருஷம் தை 25

அன்புள்ள தீர்த்தகிரிக்கு அம்மா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டு, என் சோற்றை நானே பொங்கித் தின்றுகொண்டு திடமாக இருக்கிறேன். பம்பாயில் நீயும் உன்னோடு குடியிருக்கும் தர்மனும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கவேண்டும் என்பதே என் பிரார்த்தனை. நான் திடமாக இருப்பதை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் படுத்துவிட்டேன், உன் முகத்தைப் பார்க்கத் துடிக்கிறேன் என்று உனக்கு ஒரு கடிதம் வரப்போகிறது, ஒருவேளை இதற்கு முன்பே வந்திருக்கும். அது பொய். ரயில் ஏறாதே.

விவரமாகச் சொல்கிறேன், நிதானமாகப் படி. போன வைகாசியில் நீ பாஞ்சாலி வேஷம் கட்டிய கூத்து இந்த ஊருக்கு இன்னும் முடியவில்லை. கூத்தின் கடைசி நாளான படுகளத்தன்று காலை துரியோதனன் மண்ணுருவத்தின் மேல் நின்று கூந்தல் முடிந்த பிறகு, வேஷம் கட்டினவர் கோயில் கிணற்றடியில் சேலையைக் களைந்து, மஞ்சள் நீரில் குளித்து, பூசாரியிடம் கையை நீட்டி மஞ்சள் கயிற்றுக் காப்பை அவிழ்த்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் பாஞ்சாலியின் கோபம் ஊரை விட்டு இறங்கும் என்பது இவர்கள் நம்பிக்கை. நீயோ, 'இது வேஷம் இல்லீங்க, எதைங்க களையறது?' என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாய். கட்டின சேலையோடும் கையில் காப்போடும் மொரப்பூர் போய் ரயில் ஏறினாய். அன்று எனக்கு வந்த அவமானத்தை உன்னிடம் மறைக்க மாட்டேன். பத்து நாள் தெருக்கதவைத் திறக்கவில்லை, உன் பெயரைச் சொல்லவும் இல்லை.

அதன்பின் ஆடியிலும் மழை இல்லை, ஐப்பசியிலும் இல்லை. கேழ்வரகு முழங்கால் உயரத்திலேயே கருகியது, நம் செவலைப் பசு கன்றைக் குறையாகப் போட்டது. மார்கழியில் உன் சித்தப்பா காளியப்பனின் பேத்தி, நீ போகும்போது தவழ்ந்துகொண்டிருந்ததே அந்தக் குழந்தை, மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டது. நான் கொயினா மாத்திரை கொடுத்தனுப்பினேன், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் உன் மணிக்கட்டில் இருக்கும் மஞ்சள் கயிறு என்று ஊர் முடிவுகட்டியாகிவிட்டது. கிணற்றடியில் குள்ளம்மாள் என்னைப் பார்த்து, 'என்னாயா, உங்க வூட்டுப் பாஞ்சாலி கடுதாசி போட்டுச்சுங்களா?' என்று கேட்டுப் பக்கத்தில் இருந்தவளை இடித்துச் சிரித்தாள். 'போட்டுச்சு. உன் வூட்டுக்காரன் கைநாட்டை விட்டுட்டு எழுத்துப் படிக்கட்டும், அவனுக்கும் ஒண்ணு போடச் சொல்றேன்' என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்தேன். அது கார்த்திகையில். இப்போது யாரும் சிரிப்பதில்லை. நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது. அந்தச் சிரிப்பே தேவலை.

இனி நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் காளியப்பன் தேங்காய் பழத்தோடு வந்தார். 'அண்ணி, நடந்தது நடந்துபோச்சுங்க. புள்ளைக்கு அம்மன் பிரசாதம் அனுப்பலாம்னு இருக்கறனுங்க, வெலாசம் சொல்லுங்க' என்றார். குழந்தையைப் பறிகொடுத்த மனிதர் என்று இரங்கினேன், அது ஒரு காரணம். இன்னொரு காரணம் வெட்கக்கேடு. பம்பாய் விலாசத்தை இங்கிலீஷில் எழுத இந்த ஊரில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று காட்டும் ஆசை. பெங்களூர் கான்வென்டில் பரிசு வாங்கிய சாய்ந்த எழுத்தில், ஒரு புள்ளி பிசகாமல் எழுதிக் கொடுத்தேன். அதோடு நில்லாமல், உன்னை நலம் விசாரித்துத் தமிழிலும் நாலு வரி எழுதிச் சேர்த்தேன். அதைப் பார்த்து என் எழுத்தைப் போலவே எழுத ஒரு குமாஸ்தாவைப் பிடித்திருக்கிறார்கள். நேற்று கூத்து வாத்தியார் சென்றாயன் மாட்டுக்கொட்டகைப் பக்கமாக வந்து இதைச் சொன்னார். 'மொரப்பூர் டேசன்ல மூணு நாளா ரெண்டு ஆளு குந்தியிருக்கறாங்க ஆயா. கோயிலுக்குப் பின்னால, துரியோதனனுக்கு மண்ணு எடுக்கற எடத்துல குழி வெட்டறாங்க. தை மாசத்துல எதுக்குங்க மண்ணு?' என்றார். காப்பு அவிழ்க்கத்தானே கூப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். 'காப்பு அவுக்க அம்மாம் நீளக் குழி எதுக்குங்க?' என்று என் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனார். இன்று காலை நானே போய்ப் பார்த்தேன். ஆள் நீளம் இருக்கிறது. வெட்டிய மண்ணை எங்கும் கொண்டுபோகவில்லை, பக்கத்திலேயே குவித்து வைத்திருக்கிறார்கள். போலீசுக்கு எழுதலாமா என்று யோசித்தேன். நடக்காத குற்றத்துக்கு யாரும் வரமாட்டார்கள், வந்தாலும் சேலை கட்டிய உன்னைத்தான் முதலில் விசாரிப்பார்கள்.

இதற்கு நடுவில் உனக்கு ஒன்று எழுதவேண்டும், பிறகு எழுத முடியுமோ என்னவோ. உனக்கு முன் மூன்று ஆண் குழந்தைகளைப் பறிகொடுத்தவள் நான். நீயாவது தங்கவேண்டும் என்று ஆறு வயது வரை உனக்குப் பாவாடை கட்டி, மூக்குக் குத்திப் பெண்ணாக வளர்த்தேன். அதனால்தான் நீ இப்படி ஆனாய் என்று ஊர் சொல்கிறது, நானும் பல வருஷம் அப்படியே நம்பி என்னை நொந்துகொண்டேன். ஆனால் அப்படியே வளர்ந்த முனியப்பன் இன்று மீசையை முறுக்கிக்கொண்டு சந்தையில் மாட்டுத்தரகு பண்ணுகிறான், மூக்கில் துளைகூடத் தூர்ந்துவிட்டது. சென்றாயன் இருபது வருஷம் பெண் வேஷம் கட்டினார். விடிந்ததும் சேலையைச் சுருட்டி எறிந்துவிட்டு, பீடி பிடித்துக்கொண்டு ஐந்து குழந்தைகளிடம் போய்விடுவார். பெரிய வீட்டுக்காரர் ஒருவர், பெயர் வேண்டாம், ஒருநாளும் சேலையைத் தொட்டதில்லை, அவர் மனம் எந்த ஆணிடம் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும், யாரும் பேசுவதில்லை. நீயோ வேட்டி கட்டியிருந்த நாளிலும் சேலை கட்டினவள் நடப்பதுபோலத்தான் நடந்தாய். கட்டுகிற துணி ஒன்று, ஆசை ஒன்று, உள்ளே இருக்கிற ஆள் ஒன்று. இந்த ஊர் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி உன் தலையில் வைக்கிறது. கன்னியாஸ்திரீகள் மூன்றுக்கும் பாவம் என்று ஒரே சொல் வைத்திருந்தார்கள், நானும் அந்தச் சொல்லால் உன்னை அடித்திருக்கிறேன். தர்மன் உனக்கு என்ன முறை என்று கேட்கமாட்டேன். உனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருகிறானா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

இதைப் படித்த அன்றே வீட்டை மாற்று. அந்தக் கயிறு இன்னும் கையில் இருந்தால் அறுத்துக் கடலில் போடு, அதில் ஒரு சக்தியும் இல்லை, ஆனால் அதை அடையாளம் சொல்லி ஆள் அனுப்புவார்கள். ராத்திரியில் தையல் வேலை வேண்டாம், கண் கெடும். எனக்கு இனிக் கடிதம் எழுதாதே, நம் ஊர்த் தபால்காரன் இப்போது எல்லாவற்றையும் முதலில் காளியப்பனிடம் காட்டுகிறான். இதைச் சித்தேரியிலிருந்து புளி கொண்டுவரும் சாலம்மாள் அரூரில் தபாலில் சேர்ப்பாள், அவளை நம்பலாம். அம்மா கூப்பிடுகிறாள் என்று எந்தத் தாள் வந்தாலும், என் எழுத்தாகவே இருந்தாலும், அது நான் இல்லை.

ஒருநாள் நான் செத்துவிட்டதாகப் பழைய விலாசத்துக்குத் தந்தி வரும், உன் காதுக்கும் எட்டும். அது உண்மையாகவே இருக்கும். அப்போதும் வராதே. கொள்ளி வைக்க மகன் வந்தே தீருவான் என்று இவர்கள் நம்பியிருக்கிறார்கள், அதுவரை குழியைத் தூர்க்கமாட்டார்கள். சென்ற கடிதத்தின் அடியில் 'உங்கள் மகள்' என்று எழுதியிருந்தாய். உன் கடிதங்களில் தப்பை அடிக்கிற பழக்கத்தில் சிவப்பு மையை எடுத்துவிட்டேன், ஒரு வாரம் கையில் பேனாவோடு அந்தச் சொல்லையே பார்த்தேன். அடிக்கவில்லை. நம் பக்கத்தில் மகள்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. அந்த வழக்கத்தை நீ தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

நூறு வயது இரு. தர்மனுக்கும் என் ஆசி. படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

உன் அம்மா
காவேரி