புளி தேய்த்த எஞ்சின்

முதலில் ஒரு திருத்தம். கார் எஞ்சினைப் புளி போட்டு விளக்கும்படி நானே பேச்சியிடம் சொல்லிவிட்டு, பிறகு அதை மறந்துபோய் அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டேன் என்று சின்னமனூரில் பேசிக்கொள்கிறார்கள். அவளை அனுப்பியது உண்மை. அப்படிச் சொன்னேன் என்பது உண்மையில்லை. நீங்கள் போன பிறகு இந்த வீட்டுப் பேச்சு வாசலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். இது தாண்டிவிட்டது. அதனால் என் கையாலேயே உங்களுக்கு எழுதுகிறேன்.

இன்று காலை மெக்கானிக் காதர் எஞ்சின் கூட்டைக் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்து சேர்த்தார். இரண்டு பாதிகளையும் பழைய போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வந்தார். நம் பட்டறைக்குக் கொண்டு போனவரைத் தடுத்து, சாப்பாட்டு மேசையில் வைக்கச் சொன்னேன். அந்த மேசைமேல் நீங்கள் ஒரு ஸ்பானரை வைத்ததற்கு நான் எத்தனை நாள் பேசாமல் இருந்தேன் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. போர்வையை விலக்கியதும் நிறம் தெரிந்தது. மலைத்தேனைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெயிலில் பிடித்தால் வருமே, அந்த நிறம். சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் மெல்லிய பச்சை ஓடுகிறது. கூடவே மண்ணெண்ணெய் வாசனை. புறப்படும்முன் காதர் ஒரு தடவை துடைத்திருக்கிறார்.

கம்பம் மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தை விட்டுப் போன மேனேஜரிடம் நீங்கள் அந்தக் காரை வாங்கி வந்த அன்று நானும் பக்கத்தில் இருந்தேன். வண்டுபோல் முதுகு வளைந்த ஜெர்மன் கார். எஞ்சின் பின்னால், ரேடியேட்டரே கிடையாது. கம்பம் கடைத்தெருவில் நிறுத்தியதும் கூட்டம் கூடிவிட்டது. முன்பக்க மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்த ஒரு திராட்சை வியாபாரி, உள்ளே வெறும் ஸ்டெப்னி டயர் கிடப்பதைக் கண்டு பக்கத்திலிருந்தவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எஞ்சின மேலயே விட்டுட்டு வந்துட்டாக. இறக்கம்ல, உருண்டே வந்துருக்கும்." நீங்கள் மறுத்துச் சொல்லவில்லை. ஆமாம் அண்ணாச்சி, இனி சின்னமனூர் வரைக்கும் தள்ளணும், ஒரு கை குடுங்க என்றீர்கள்.

காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை நான் முக்காலியில் உட்கார்ந்து வாசிப்பேன். நீங்கள் வண்டிக்கு அடியில் படுத்துக் கேட்பீர்கள். எஞ்சின் கூடு மெக்னீசியம் கலந்த உலோகம், அமிலம் எதுவும் படக் கூடாது என்ற வரியை நான் தமிழில் சொன்னதும், தலையை மட்டும் வெளியே நீட்டினீர்கள். "ரோசக்கார உலோகம்னு சொல்லு. புளிப்பு ஆகாது, உப்பு ஆகாது, ஒரு சொல்லு தாங்காது. உன்னய மாதிரிதான், கான்வென்ட்டு." நான் அடுத்த வரியை வாசித்தேன். எனக்குக் கோபம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த உலோகம் தன்னளவில் வெள்ளிபோல் வெளுப்பானது. அப்படியே விட்டால் உவர் நிலத்தில் உப்புப் பூப்பதுபோல் பூத்து அரித்துக்கொண்டே போகும். அதனால் தொழிற்சாலையிலேயே ஒரு மருந்துக் குளியலில் முக்கி, அதன்மேல் தோல் மாதிரி ஒரு படலம் வரச் செய்திருக்கிறார்கள். பெயின்டைவிட மெல்லியது. தேய்ந்து போனால் தானாக வராது. ஆயுத பூஜையன்று அரிவாள், மோட்டார், கார் மூடி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பீர்கள். எஞ்சின் கூட்டுக்கு மட்டும் பொட்டு கிடையாது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒரு துடைப்பு, அதுவும் என் கையால்தான். உங்கள் பழைய வேட்டியில் கிழித்த துணி. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தபடி ஓரத்தோடு ஓரம் சேர்த்து நான்காக மடித்து, பட்டறைக் கதவுக்கு மேலுள்ள பலகையில் வைப்பேன். உங்களுக்குப் பிறகும் ஒரு வருடம்கூட அது தவறவில்லை.

இந்த வருடம் எண்ணெய் ஒழுகியதால் காதரைக் கொண்டு எஞ்சினைப் பிரித்தேன். பூஜைக்குள் அவரால் பூட்ட முடியவில்லை. கூட்டின் இரண்டு பாதிகளும் பட்டறையில் சுவரோரம் சாய்ந்திருந்தன. எனக்கு முழங்கால் மடங்குவதில்லை. பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் பேச்சி துவைக்கிற கல்லில் புளியும் உப்பும் வைத்துக் குத்துவிளக்குகளை விளக்கிக்கொண்டிருந்தாள். நான் பட்டறைக்குப் போய் உங்கள் படத்துக்குப் பூ வைத்தேன். அவளை உள்ளே கூப்பிட்டேன். மண்ணெண்ணெய்த் துணியை அவள் கையில் கொடுத்து, எஞ்சினைத் துடைத்துவிடு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்தேன். என் நினைவில் இருப்பது இதுதான்.

மறுநாள் காலை எஞ்சின் கூடு உரித்த கிழங்குபோல் வெளுத்துக் கிடந்தது. பேச்சி பெருமையோடு காட்டினாள். புளியைப் போட்டதும் நுரை பொங்கிப் பொங்கி அழுக்கு எல்லாம் வந்துவிட்டதாம், குத்துவிளக்குக்குக்கூட இப்படி வந்ததில்லையாம். அது பொங்கியது அழுக்கல்ல, உலோகமே என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சில நாளில் கருத்தது. பிறகு வெள்ளையாகப் பூத்தது. தொட்ட இடமெல்லாம் சொரசொரப்பு. யார் உன்னைப் புளி போடச் சொன்னது என்று கேட்டேன்.

"நீங்கதானம்மா சொன்னீக. இன்னைக்கு இதையும் சேத்துத் தேச்சுருன்னு சொன்னீக."

சொல்லியிருக்கமாட்டேன் என்றேன்.

"சொன்னீகம்மா."

இத்தனை வருடத்தில் பேச்சி என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசியதில்லை. நான் சத்தம் போடவில்லை. வீட்டுக்குப் போ என்றேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மார்க்கையன்கோட்டை பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

உங்கள் மகன் முரளி கோயம்புத்தூரிலிருந்து வந்தான். சில்வர் பெயின்ட் அடித்துவிடலாம் என்றான். பெயின்ட் எனக்கு வேண்டாம், முதலில் இருந்தது எதுவோ அதுதான் வேண்டும் என்றேன். பிறகு வந்த விஷயத்துக்கு வந்தான். வீட்டைப் பூட்டிவிட்டு நான் அவனோடு போய்விட வேண்டுமாம். மறதி வந்துவிட்டதாம். அது தப்பில்லையாம், ஆனால் தனியாக இருக்கக் கூடாதாம். அடுப்பை மறந்தால் என்ன செய்வது என்றான். நான் அடுப்பை மறந்ததில்லை. அதைச் சொன்னேன். மறந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதுபோல் தலையாட்டினான்.

கோயம்புத்தூரில் இந்த உலோகத்துக்கு மருந்துக் குளியல் கொடுக்கும் ஒருவரைக் காதர் தேடிப்பிடித்திருந்தார். இரண்டு விதமாகச் செய்யலாம், ஒன்று தேன் நிறம் தரும், மற்றது கரும்பழுப்பு, முதலில் இருந்தது எது என்று அவர் கேட்டாராம். தேன் என்றேன். வருடக்கணக்கான சூடும் எண்ணெயும் ஏறி வெளிப்பக்கம் மங்கியிருந்ததால், தான் பிறந்ததிலிருந்து பார்த்தது சாம்பல்தான் என்றான் முரளி, போனில் வேறு கார்களின் படங்களைக் காட்டினான். அப்போதுதான் காதருக்கு அந்த யோசனை வந்தது. கூட்டின் மேல் பூட்டியிருந்த டைனமோ ஸ்டாண்டின் நட்டுகள் துருப்பிடித்திருந்ததால் அதை மட்டும் அவர் கழற்றாமல் விட்டிருந்தார். அதற்கு அடியில் புளி போயிருக்காது, முதல் தோல் அங்கே அப்படியே இருக்கும் என்றார்.

நட்டைத் தொடும்முன் அவரை நிறுத்தினேன். ஆளுக்கொரு தாளில் நிறத்தை எழுதி மடித்துக் காதரிடம் கொடுக்க வேண்டும் என்றேன். பரீட்சையாம்மா என்று முரளி சிரித்தான். ஆமாம், நான் எழுதியது தப்பென்றால் இன்றே உன்னோடு வருகிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினான்.

காதர் எண்ணெய் விட்டு ஊறவைத்து, நட்டு முறியாமல் மெதுவாகத் திருப்பினார். இடையில் ஒட்டியிருந்த கேஸ்கெட் தாளை மூங்கில் சிம்பால் நெம்பி எடுத்தார். அடியில் ஒரு வளையம், நாம் அதை முதன்முதலில் திறந்த நாளில் இருந்த மாதிரியே. தேன் நிறம். தாள்களைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அம்மா ஜெயிச்சுட்டாக" என்றார் காதர்.

நான் முரளியைப் பார்த்தேன். தோற்றவன் முகமாக அது இல்லை. அவன் கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பழசெல்லாம் உனக்கு அப்படியே நிக்கும்மா. டாக்டரும் அதத்தான் சொன்னாரு. போறது புதுசுதான்."

எனக்குத் தெரியாமல் டாக்டரிடம் பேசியிருக்கிறான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் நான் சரியாக எழுதிய விடையையே எனக்கு எதிரான சாட்சியாக அவன் ஏற்றுக்கொண்டான். தப்பாக எழுதியிருந்தாலும் மறதி, சரியாக எழுதினாலும் மறதி. இப்படி ஒரு பரீட்சையை நான் எங்கேயும் எழுதியதில்லை. உன் இஷ்டம்தான்மா, யோசித்துச் சொல்லு, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று போனான்.

கோயம்புத்தூரில் செய்ததைக் காதர் எனக்கு விவரமாகச் சொன்னார். கம்பி பிரஷ் தொடவில்லை, கிரைண்டர் போடவில்லை. இந்த உலோகத்தின் தூள் தீப்பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, இன்னும் மூர்க்கமாக எரியும். பூத்ததை மட்டும் கரைக்கும் திரவத்தில் முதலில் ஊறவைத்து, கழுவி, பிறகு ஆரஞ்சு நிறத்தில் கொதிக்கும் மருந்தில் இறக்கியிருக்கிறார்கள். வெறும் உலோகம் தொட்டிக்குள்ளேயே நிறம் ஏறி வந்ததாம். புளி அரித்த குழிகள் மட்டும் போகவில்லை. மெழுகி மறைக்கவா என்று அவர்கள் கேட்டபோது, அம்மா சம்மதிக்க மாட்டாக என்று காதர் சொல்லிவிட்டாராம். சரியாகச் சொன்னார். குழிகளின் மேலேயும் அதே தேன் நிறம் படிந்திருக்கிறது. விரலுக்குத்தான் தெரிகிறது.

கூடு கோயம்புத்தூரில் இருந்த நாட்களில் நான் மார்க்கையன்கோட்டைக்குப் போனேன். பேச்சி வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலி தேடினாள். நடந்ததைக் கேட்கத்தான் வந்தேன் என்றேன்.

"விடுங்கம்மா. நீங்க ஒண்ணும் சொல்லல. நானாத்தான் செஞ்சேன்னு வச்சுக்கங்க."

"வச்சுக்கறதுக்கு நான் வரல பேச்சி. நடந்ததச் சொல்லு."

அவள் மொச்சைத் தோலைக் கூட்டிக் குவித்துக்கொண்டே இருந்தாள். தனக்கும் வயதாகிறது, யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கு ஞாபகம் என்றாள். எதிர்த்து நின்றபோது அவள் என் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள். விட்டுக்கொடுத்தபோது தரையைப் பார்த்துச் சொன்னாள். இரண்டில் எதை நான் நம்பட்டும்? திரும்ப வேலைக்கு வரச் சொன்னேன். வந்துவிட்டாள். நான் இதை எழுதும்போது அடுப்படியில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்கிறது.

இன்னொன்று இருக்கிறது. இதை முரளியிடம் சொல்லவில்லை, காதரிடமும் சொல்லவில்லை. பரீட்சை நடந்த அன்று காதர் போனபின், கழற்றிய டைனமோ ஸ்டாண்டைத் துடைக்கலாம் என்று துணியைத் தேடினேன். கதவுக்கு மேலுள்ள பலகையில், அதன் இடத்தில் இருந்தது. ஓரத்தோடு ஓரம் சேர்த்து நான்காக மடித்திருந்தது. பேச்சி எந்தத் துணியையும் சுருட்டித்தான் எறிவாள். மடிப்பின்மேல் தூசி படிந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். வெறும் பருத்தி வாசனை. அந்த மாலை அவள் கையில் நான் கொடுத்த துணியின் ஈரம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. ஆனால் துணி காய்ந்திருக்கிறது.

இப்போது எல்லோரும் என்னிடம் அன்பாக இருக்கிறார்கள். முரளி கையைப் பிடித்துக்கொள்கிறான். பேச்சி பழியை ஏற்றுக்கொள்கிறாள். காதர் குழிகள் அழகாக இருப்பதாகச் சொல்கிறார். உங்களுக்கு இந்த அன்பு வராது. நான் கார் ஓட்டப் பழகியபோது, பின்னால் எடுத்து, திராட்சைப் பந்தலின் கல்தூணில் இடித்துவிட்டு, பிரேக் பிடிக்கவில்லை என்று சாதித்தேன். நீங்கள் தூணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். "பின்னால போனது நீதான். தூணு முன்னால வரல." எனக்கு அழுகை வந்தது. ஆனால் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். நம் சண்டைகளில் எதையும் எழுத்தில் கேட்பது என் வழக்கம். நீங்கள் சாக்பீஸை எடுத்துப் பட்டறைக் கதவின் உள்பக்கம் ஒரே ஒரு சொல் எழுதிவிட்டுப் போவீர்கள். நீதான். அல்லது, நான்தான். அதற்குமேல் அந்தச் சண்டை நடந்ததில்லை.

நேர் பதிலைத் தாங்கும் பழக்கத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முரளி வருவான். நான் பேச்சியிடம் அப்படிச் சொல்லியிருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு கிளம்பிவிடுவேன், யாரும் என்னைக் கெஞ்ச வேண்டாம். சொல்லவில்லை என்றால் இந்த வீட்டிலிருந்து என்னை யாரும் அசைக்க முடியாது. அந்தச் சாயங்காலம் பட்டறையில் நானும் பேச்சியும் இருந்தோம். சுவரில் நீங்கள் இருந்தீர்கள்.

சாக்பீஸ் அதே பலகையில், துணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கதவைத் துடைத்து வைத்திருக்கிறேன். சமாதானம் எதுவும் வேண்டாம். நான் சொன்னேனா, சொல்லவில்லையா? ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.